ஓசூருக்கு ஓர் இரவல் கை

ஓசூரில் நான் செய்த முதல் காரியம், தவறான பஸ்ஸில் ஏறிக் கர்நாடகாவுக்குப் போனது.

பேருந்து நிலையத்தில் "மூக்கண்டப்பள்ளி போகுமா?" என்று கேட்டேன். கண்டக்டர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது ஆமாம் என்றே பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கண்டப்பள்ளி என்று எழுதிய பலகை ஜன்னலுக்கு வெளியே வந்தது, பின்னால் போயிற்று. பஸ் நிற்கவே இல்லை. நான் எழுந்து கத்தினேன். கண்டக்டர் கன்னடத்தில் பதிலுக்குக் கத்தினார். பக்கத்து சீட்டில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு தூங்கி வழிந்துகொண்டிருந்த பெண், கண்ணைத் திறக்காமலே மொழிபெயர்த்தாள்.

"இது அங்க நிக்காத வண்டியாம். நீங்க கேட்டப்பவே இல்லைன்னு தலையாட்டினாராம்."

அத்திப்பள்ளியில் இறக்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் அங்கேதான் இறங்கினாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "அந்தம்மாவை ரோடு தாண்டி விட்டுட்டுப் போ, ஊருக்குப் புதுசு மாதிரி தெரியுதுங்கிறாரு" என்றாள். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் மணிக்கட்டைப் பிடித்து, பால் வாங்கப் போகிறவள் மாதிரி சாவகாசமாக அவற்றின் குறுக்கே நடந்தாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் என்னை ஏற்றி, "மூக்கண்டப்பள்ளியில எறக்கி விடுண்ணா, மறந்துடாத" என்று சொல்லிவிட்டு மறைந்துபோனாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

ரேணுகா தன் கிளினிக் வாசலில் நின்றிருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டில், கழுத்துத் தொட்டிலில் கிடந்தது. பஸ்ஸிலிருந்தே போனில் எல்லாம் சொல்லியிருந்தேன், என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "வந்ததும் வராததுமா ரெண்டு மாநிலம் பார்த்துட்டியேடி!"

நாங்கள் இருவரும் மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒரே அறை. படிப்பு முடிந்ததும் நான் மலேசியாவுக்குத் திரும்பினேன். அவள் தன் ஊர்ப்பக்கம் வந்து, தொழிற்பேட்டைகளை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் கிளினிக் வைத்தாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். போனில், "இடது கையால மூக்கைத்தான் சொறிய முடியுது, வயித்தைத் தொட்டுப் பார்க்க முடியலை" என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னவள், கடைசியில் கொஞ்சம் குரல் இறங்கி, "கிளினிக்கை மூடிடலாமான்னு இருக்கு" என்றாள். நான் நீண்ட விடுப்புப் போட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மருந்து எழுத எனக்கு உரிமை கிடையாது. அதைவிடப் பெரிய குறை, ஈப்போவில் நான் சுகாதார அலுவலகத்து மேசைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. டெங்கு அறிக்கை, தடுப்பூசித் திட்டம், கூட்டம், அதற்கு மேல் ஒரு கூட்டம். ஒரு மனிதரின் வயிற்றில் கை வைத்தது எப்போது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை பனி விலகவே இல்லை. ஈப்போக்காரியான நான் ரேணுகாவின் இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நோயாளியிடமும் அவள் ஒரே விஷயத்தைச் சொன்னாள். "இவங்க என் சிநேகிதி, மலேசியா டாக்டர். வைத்தியம் நான்தான். தொட்டுப் பார்க்கிறதுக்கு மட்டும் இவங்க கை. உங்களுக்குச் சம்மதமா?" யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும், "மலேசியாக் கைன்னா கூடுதலா எதுனா தெரியுமாங்க?" என்று கேட்டார்.

முதலில் வந்தவர் லேத் பட்டறைத் தொழிலாளி. இரண்டு புறங்கைகளும் மணிக்கட்டு வரை வெடித்துச் செதில் செதிலாக இருந்தன. எங்கெங்கோ படைக்கு மருந்து தடவியும் ஆறவில்லை. "விரல் இடுக்கைப் பார், நகத்தைப் பார்" என்று ரேணுகா சொல்லச் சொல்ல நான் பார்த்துச் சொன்னேன். அவள் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "லீவு நாள்ல எப்படி இருக்கு?" அவர் யோசித்து, "ஊருக்குப் போனா ஆறிடுதுங்க மேடம்" என்றார். மெஷினில் ஊற்றும் கூலன்ட் எண்ணெய்தான் காரணம். களிம்பும் வேறு கையுறையும் சொன்னாள்.

அடுத்து திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் வேலை, நின்றபடியே மயங்கி விழுந்திருக்கிறாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாளாக இருந்தது. "காலைல என்ன சாப்பிடுதே?" என்று ரேணுகா அவள் பேச்சிலேயே கேட்டாள். "கம்பெனி பஸ்ஸு வந்துரும் டாக்டர், ஒண்ணும் சாப்பிடதில்ல." அதற்குப் பிறகு பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், மூன்று மாதமாக வறட்டு இருமல். நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டேன், துப்புரவாக இருந்தது. டிபி இருக்குமோ என்ற பயம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. ரேணுகா அவருடைய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரையை மாற்றினாள். "பாய், இந்த மாத்திரை சிலருக்கு இருமலைக் கொடுக்கும். எக்ஸ்ரேவும் எடுத்துடுவோம். ஆனா பயப்படாதீங்க." அவர் அங்கேயே பாதி குணமாகிவிட்டார்.

மதியம் நர்ஸ் நூர்ஜஹான் மத்திகிரியிலுள்ள தன் வீட்டிலிருந்து ராகிக் களியும், தோலுரித்த அவரைக்கொட்டையில் வைத்த பிதுக்குப்பருப்புக் குழம்பும் கொண்டுவந்திருந்தார். நான் களியை மெல்ல ஆரம்பித்ததும் பதறிவிட்டார். "மெல்லாதீங்க மேடம்! பல்லுல ஒட்டிக்கும். குழம்புல புரட்டி அப்படியே முழுங்குங்க." முழுங்கினேன். தொண்டையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் சூடாக இருந்தது. ஓசூர்க் குளிருக்கு ஸ்வெட்டரைவிட அது நல்ல மருந்து.

சாயங்காலம் கை கழுவிக்கொண்டிருந்தபோது என் விரல்களை நானே பார்த்துக்கொண்டேன். அவை வெட்கத்தோடும் சந்தோஷத்தோடும் இருந்த மாதிரி தோன்றியது.

மஞ்சுளா வந்தது அந்த வாரக் கடைசியில். உத்தனப்பள்ளிப் பக்கம் தோட்டமும் மாடும் உள்ள குடும்பம். கணவன் முனிராஜ் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு மொபெட்டில் கூட்டிவந்திருந்தான். ஐந்து மாத கர்ப்பம். ஒரு மாதத்துக்கும் மேலாகக் காய்ச்சல்.

"சாயங்காலமானா ஜொரம் வருதுங்க" என்றாள். "ராவெல்லாம் வேர்த்துக் கொட்டி சேலையே நனைஞ்சிடுது. விடிஞ்சா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது. இடுப்புதான் கழண்டு விழுற மாதிரி வலிக்குது."

டைபாய்டு என்று பல இடங்களில் ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்டால் நாலு நாள் நிற்கும், திரும்ப வரும். போன வருடம் ஒரு கர்ப்பம் நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது என்பதை முனிராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மஞ்சுளா அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல எதுவும் தங்காதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க டாக்டரம்மா" என்றாள். குரலில் புகார் இல்லை. காய்ச்சலைச் சொன்ன மாதிரியே இதையும் சொன்னாள்.

நான் அவளைப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தேன். மூச்சை இழுக்கச் சொன்னேன். ஏதோ ஒன்று வந்து விரல் நுனியைத் தொட்டது போலிருந்தது. அடுத்த மூச்சில் இல்லை. வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன்.

"மண்ணீரல் தெரியுதா?" என்றாள் ரேணுகா.

"நிச்சயமா சொல்ல முடியலை."

"நிச்சயத்தை யார் கேட்டா? உன் விரல் என்ன சொல்லுது?"

"எதுவோ வந்து தட்டிட்டுப் போகுது."

"அப்ப இருக்கு" என்று சொல்லிவிட்டு நூர்ஜஹானை ஸ்கேனுக்கு எழுதச் சொன்னாள். தப்பாகத் தொட்டிருப்பேனோ என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. ஸ்கேனில் மண்ணீரல் வீங்கியிருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. இரண்டையும் நூர்ஜஹான் படித்துச் சொன்னபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரேணுகா தன் தட்டிலிருந்த ஒப்பிட்டை, அந்த ஊர்ப் போளியை, எடுத்து என் தட்டில் வைத்தாள்.

ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மலேரியா இல்லை. டெங்கு இல்லை. உண்ணிக் காய்ச்சல் இல்லை. டிபிக்கும் அடையாளம் இல்லை. அந்தச் சனிக்கிழமை மஞ்சுளா போனில் பேசினாள். காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது. ரேணுகா போனை வைத்துவிட்டு, "வீட்டைப் பார்க்கணும்டி. ஆளை மட்டும் பார்த்தா இந்த ஜுரம் பிடிபடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இராயக்கோட்டை பஸ்ஸில் கிளம்பினோம். பாதி வழியில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்து, "பெல்ட்டு போச்சு" என்றார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் எல்லோரும் போனைத் தட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். இங்கே இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அது ஒரு குடும்ப விழாவாகிவிட்டது. ஒரு அம்மாள் முறுக்குப் பையைப் பிரித்தார். இரண்டு பேர் தக்காளி விலையைப் பற்றித் தெலுங்கில் சண்டை போட்டார்கள். ரேணுகாவின் மாவுக்கட்டைப் பார்த்த ஒருவர், எலும்பு கூட ஆட்டுக்கால் சூப் வைக்கும் முறையை முழுசாக விளக்கினார். தான் டாக்டர் என்று அவள் கடைசி வரை சொல்லவில்லை. "மிளகு எவ்வளவுங்க போடணும்?" என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் தக்காளிக் கூடை ஏற்றிய மினி வேன் ஒன்று எங்களை உத்தனப்பள்ளியில் இறக்கிவிட்டது.

மஞ்சுளாவின் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை. மூன்று மாடுகள். அவள் காய்ச்சலோடு எழுந்துவந்து ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்து அறிமுகம் செய்தாள். நெற்றியில் வெள்ளை விழுந்த பசுவின் பெயர் மல்லி. அதனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். முனிராஜ் மொழிபெயர்த்தான். "பெரிய டாக்டருங்க வந்திருக்காங்க, ஒழுங்கா நில்லுன்னு சொல்றா."

ரேணுகா கொட்டகையைச் சுற்றி வந்தாள். பால் காய்ச்சித்தான் குடிக்கிறார்களா என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டிருந்தாள், ஆமாம் என்றிருந்தார்கள். இப்போது மல்லியின் மடியைப் பார்த்துக்கொண்டு, "இதோட கன்னு எங்கப்பா?" என்று கேட்டாள்.

"வீசிடுச்சுங்க" என்றான் முனிராஜ். "ஆயுத பூஜை சமயத்துல. ஏழு மாசச் சினை, கன்னு செத்துதான் விழுந்துச்சு. நஞ்சுக்கொடி விழவே இல்ல. டாக்டர் வர்றதுக்குள்ள மாடு துடிக்குதுன்னு இவளேதான் கையை விட்டு எடுத்தா."

"வெறுங்கையாலயா?"

"வேற என்னாங்க பண்றது" என்றாள் மஞ்சுளா. "அது என்னைப் பார்த்துக் கத்திக்கிட்டே இருந்துச்சு."

ரேணுகா மல்லியைவிட்டு ஓர் எட்டு பின்வாங்கினாள். அவளுடைய இடது கை என் முழங்கையைத் தேடிப் பிடித்து இறுக்கியது. எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. கன்று வீச்சு நோய், மாட்டின் கருவைக் கலைக்கும் கிருமியால் வருவது. மாட்டின் நஞ்சுக்கொடியிலும் கருநீரிலும் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் ஒரு சின்னக் கீறல் போதும். மனிதரிடம் வந்தால் ஏறி இறங்கும் காய்ச்சல், வியர்வை, இடுப்பு வலி, வீங்கிய மண்ணீரல். கர்ப்பிணி என்றால் கருவையும் அது விடுவதில்லை. பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மறந்துபோன நோய், நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பசுவின் அருகே நின்றுகொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ரேணுகா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். "பாலைக் கேட்டேன். கன்னைக் கேட்காம விட்டுட்டேன்" என்றாள்.

"இன்னைக்குக் கேட்டுட்டியே" என்றேன்.

ரத்தப் பரிசோதனை அதையே உறுதி செய்தது. ரேணுகா கிருஷ்ணகிரியில் உள்ள மகப்பேறு மருத்துவரோடு நெடுநேரம் பேசி, கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாததை ஒதுக்கி, இரண்டு மருந்துகளை முடிவு செய்தாள். பல வாரங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். குழந்தை தங்குமா என்று முனிராஜ் கேட்டான். "தங்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இப்ப என்ன நோய்னு தெரியும், மருந்து இருக்கு. நேத்து வரைக்கும் ரெண்டும் இல்லை" என்றாள் ரேணுகா. போன வருடம் போனதும் இதனால்தானா என்று மஞ்சுளா கேட்டாள். அது தெரியாது என்றாள். "ஆனா ஒண்ணு தெரியும். வீட்ல எதுவும் தங்காதுங்கிறது நோய் இல்லை. அதுக்கு நான் மருந்து எழுத மாட்டேன்."

மஞ்சுளா லேசாகச் சிரித்தாள். பிறகு, "மல்லிக்கும் இதே மாத்திரை குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

 கால்நடை மருத்துவர் வந்து மூன்று மாடுகளுக்கும் ரத்தம் எடுத்தார். மல்லிக்கு மட்டும் இருந்தது. மாட்டுக்கு இந்த நோயைத் தீர்க்கும் வைத்தியம் இல்லை, தனியாகக் கட்ட வேண்டும், பாலைத் தொடக்கூடாது, மஞ்சுளா கிட்டேயே போகக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். முனிராஜ் தோட்டத்தின் மறுகோடியில் தகரக் கூரை போட்டு அதைக் கட்டினான். அவனுக்கும் பரிசோதனை செய்தோம், ஒன்றும் இல்லை. கையுறை போட்டு அவனே தீவனம் வைத்தான். தன் காய்ச்சலுக்கு அழாத மஞ்சுளா அதற்கு அழுதாள். தினமும் வீட்டின் பின்வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளாம். மறுகோடியிலிருந்து பதில் வருமாம்.

மாத்திரை தொடங்கிய மறுநாள் காலை முனிராஜின் போன். அலறினான். "டாக்டரம்மா, மூத்திரம் செவப்பாப் போகுதுங்க! ரத்தமாங்க?" மாத்திரையின் நிறம் அது, முதல் நாளே சொன்னோமே என்றாள் ரேணுகா. "சொன்னீங்க. நேர்ல பார்த்ததும் மறந்துடுச்சுங்க" என்றான்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. அந்த நாட்களில் நான் ஓசூருக்குப் பழகிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக எப்படித் தொற்றிக்கொள்வது என்று தெரிந்துகொண்டேன். மத்திகிரியில் நூர்ஜஹானின் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து அவர் வைத்த பிரியாணியைச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வலியோடு படியேறி வந்தார்கள். "மேடம் மருந்து எழுத மாட்டாங்க, சாப்பிட வந்திருக்காங்க" என்று நூர்ஜஹான் வாசலிலேயே தடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில் மஞ்சுளாவுக்கு வயிறு இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. உடம்பைக் காட்டி மருந்து வாங்குவதற்காக அவர்கள் கிளினிக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். ரேணுகா ஒரு கேள்வியும் கேட்காமல் கிருஷ்ணகிரி மருத்துவருக்குப் போன் செய்தாள். குறைமாதப் பிரசவமானால் அதற்கு வசதி அங்கேதான், உடனே வரச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேறு விபத்துக்குப் போயிருந்தது. தெரு முனையில் நின்ற வாடகை வேனில் ஏறினோம். ரேணுகா முன்னால் டிரைவர் பக்கத்தில், நானும் மஞ்சுளாவும் நடு சீட்டில், முனிராஜ் பின்னால்.

என் கை அவள் வயிற்றின் மேல் இருந்தது. அது பாறையாக இறுகும், பிறகு தளரும். ஒவ்வொரு முறை இறுகும்போதும் நான் ரேணுகாவுக்குச் சொன்னேன். அவள் போனில் மருத்துவருக்குச் சொன்னாள். சூளகிரியைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ ஒரு டிரெய்லர் லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் லாரிகளின் முதுகுதான் தெரிந்தது.

முனிராஜ் கதவைத் திறந்து குதித்தான். லாரிகளுக்கு நடுவே ஓடினான். தமிழில் கெஞ்சினான், தெலுங்கில் கும்பிட்டான், கன்னடத்தில் திட்டினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வடநாட்டு லாரிக்காரர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தன் பெரிய வண்டியை அங்குலம் அங்குலமாக மண்ணில் இறக்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர். அதற்கடுத்து பூ ஏற்றிய ஒரு வேன். எங்கள் டிரைவர் அந்தச் சந்தில் வண்டியை நுழைத்தார். முனிராஜ் குல்லாவைக் கையில் சுழற்றிக்கொண்டு முன்னால் ஓடியபடியே இருந்தான்.

மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டு என் ஸ்வெட்டரைப் பற்றியிருந்தாள். "போயிடுமாங்க?" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

 அப்போதுதான், வயிறு தளர்ந்திருந்த ஒரு இடைவேளையில், என் உள்ளங்கையின் நடுவில் ஒரு தட்டு விழுந்தது. சின்னது, ஆனால் சந்தேகமே இல்லாதது. மறுபடி ஒன்று.

"உதைக்குது மஞ்சுளா" என்றேன். "உன் பிள்ளை உதைக்குது."

அவள் கண்ணைத் திறந்தாள். "எனக்கும் தெரியுதுங்க" என்றாள். முன் சீட்டில் ரேணுகா திரும்பவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

கிருஷ்ணகிரியில் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கருப்பைவாய் மூடியே இருக்கிறது என்றார். அலைச்சலும், தண்ணீர் சரியாகக் குடிக்காததும் காரணமாக இருக்கலாம், இரண்டு நாள் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார். குளுக்கோஸ் ஏற ஏற வயிறு தளர்ந்தது. வராந்தாவில் முனிராஜ் வெறும் தரையில் உட்கார்ந்து, யாரோ வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்க மறந்து கையில் பிடித்திருந்தான். ரேணுகா அவன் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள். "குடிப்பா. ஆறிடும்" என்றாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் எழுந்திருக்கவே இல்லை. மாவுக்கட்டுக் கையை அவன் முதுகில் வைத்தபடி இருந்தாள்.

நான் ஊருக்குத் திரும்பும் வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வந்த கை மெலிந்து, வெளுத்து, யாருடையதோ போல இருந்தது. விரல் நுனியெல்லாம் மரத்திருக்கிறது என்றாள். திரும்ப வரும் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. தினமும் ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். என்னை வழியனுப்ப வந்தபோதும் அந்தப் பந்து அவள் கையில் இருந்தது. சாலையோரத்தில் நின்று கடைசியாகத் தட்டு இட்லி சாப்பிட்டோம். 

ஈப்போவில் மறுபடி மேசை, மறுபடி கூட்டம். ஆனால் திரும்பிய முதல் வாரமே மேலதிகாரியிடம் போய், வாரத்தில் இரண்டு காலைகளை வெளிநோயாளர் பிரிவில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் வியப்போடு பார்த்தார், காரணம் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள், கொசு ஒழிப்பு பற்றிய கூட்டத்தின் நடுவில், ரேணுகாவின் அழைப்பு வந்தது. வெளியே வந்து எடுத்தேன். பின்னணியில் ஒரே சத்தம். தெலுங்கிலும் தமிழிலும் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முனிராஜ் யாரிடமோ இனிப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"பொண்ணு" என்றாள் ரேணுகா. "மாசம் நிறைஞ்சு பிறந்திருக்கா. ரத்தம் அனுப்பினோம், கிருமி இல்லை. மஞ்சுளாவும் நல்லா இருக்கா."

 "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பார்த்தேன். நானே, என் கையால" என்றாள். பிறகு, விடுதி அறையில் தேர்வுக்கு முன் ஒப்பிப்பாளே, அந்தக் குரலில் தொடங்கினாள். "உச்சிக்குழி தட்டையா இருக்கு. நெஞ்சு ரெண்டு பக்கமும் சுத்தம். கல்லீரல் ஒரு விரல் அளவு தட்டுப்படுது, பிறந்த குழந்தைக்கு அது இருக்கவேண்டியதுதான். மண்ணீரல்..."

"மண்ணீரல்?"

"தொட்டுத் தொட்டுத் தேடினேன்டி. இல்லவே இல்லை. நான் தேடினது பிடிக்காம அவ போட்ட கூச்சல் இருக்கே, இரு, போனைக் கிட்ட கொண்டுபோறேன்."